காதுகுத்தும் பாஸ்வேர்டும்

மின்னல் வெட்டினால் முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. மஸ்கெலியாவில் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஐப்பசி பிறந்தால் பின்னேரங்களில் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும், கொஞ்ச நேரத்தில் இடி இறங்கும். இந்தக் கதைக்கு முந்திய வருடம் அப்படி ஒரே இடியில், போனும் ஃபேக்ஸும் இன்டர்நெட்டுமாக நாங்கள் நடத்திய கொமினிகேஷன் கடையில் ஃபேக்ஸ் மெஷினும் ரவுட்டரும் சேர்ந்தே போய்விட்டன. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் அழகுமுத்துவுக்கு மின்னல் என்றால் கை தானாகப் பிளக்குக்குத்தான் போகும்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. பின்னேரம் கம்ப்யூட்டரை மூடுவதற்கு அமுக்கிவிட்டு, கடையை இவரிடம் விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அது உடனே மூடவில்லை. அப்டேட் ஏறிக்கொண்டிருக்கிறது, கரண்டை நிறுத்தாதீர்கள் என்று நீலத் திரையில் இங்கிலீஷில் எழுதிக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. மேற்கே ஒரு மின்னல். இவர் ஒரே இழுவையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத மனுஷர் இல்லை. வாசித்துக்கொண்டிருக்க நேரமில்லை என்று பிறகு நியாயம் பேசினார்.

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டுவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டேன். படம் வந்தது, அதற்குக் கீழே பச்சைக் கோடு ஓடியது, திரை கறுத்தது, மறுபடியும் படம் வந்தது. பிறகும் அப்படியே. ஒரு தரம் அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே படம், அதே கறுப்பு. இவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "சூடாகட்டும், வந்துரும்" என்றார்.

"அடுப்பா அது, சூடாகுறதுக்கு?" என்று கேட்டேன். அப்போதுதான் நேற்றைய பிளக்குக் கதை மெல்ல மெல்ல வெளியே வந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

வேறொரு நாளாக இருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. இரண்டு நோட்டீஸ் பிந்தும், நாலு பேர் ஈமெயில் பார்க்க முடியாமல் திரும்பிப் போவார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு எங்கள் கடையில் ஒரு காதுகுத்து இருந்தது.

பிள்ளையின் பெயர் ஹர்ஷினி. தாய் நிஷாந்தி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளை தவழத் தொடங்கிய நேரத்தில் போனவள். இப்போது பிள்ளை ஓடுகிறது. இரண்டு வருட ஒப்பந்தம் முடிய இன்னும் நாள் கிடந்தது. தோடு அங்கிருந்தே வாங்கி அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு கட்டளையும் போட்டிருந்தாள்: நான் பார்க்காமல் என் பிள்ளைக்குக் காது குத்தக் கூடாது.

எப்படிப் பார்ப்பாள்? அவள் வேலை செய்த வீட்டில் படிக்கிற மகள் ஒருத்தி இருந்தாள், நல்ல பிள்ளை. வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டில் எல்லோரும் பிந்தித்தான் எழும்புவார்கள். அதற்குள் தன்னுடைய கம்ப்யூட்டரை நிஷாந்திக்குக் கொடுப்பாள். நிஷாந்தி அதில் வருவாள். இங்கே எங்கள் கடையில் கேமராவுக்கு முன்னால் அவளுடைய புருஷன் துஷாந்த் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்காருவான். மஸ்கெலியாவில் அப்போது கேமரா வைத்த கம்ப்யூட்டர் எங்களிடம் மட்டும்தான் இருந்தது. ஆனால் அந்த மகள் மேற்படிப்புக்கு வெளிநாடு போகப் போகிறாள், கம்ப்யூட்டரும் அவளோடு போய்விடும். இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி. இதைவிட்டால் நிஷாந்திக்குப் பிள்ளையின் முகம் அடுத்த வருடம்தான்.

அதனால்தான் காதுகுத்தைக் கடையிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். பிள்ளையின் தாய்மாமன் மாயாண்டிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "கோயில்ல குத்த வேண்டியத போட்டோக் கொப்பி எடுக்கிற எடத்துல குத்துறதா?" என்று ஒரு வாரமாகப் புறுபுறுத்துக்கொண்டிருந்தார். கடைசியில், மொட்டை கோயிலில், காது கடையில் என்று சமாதானம் ஆனது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் குத்தியாக வேண்டும். குவைத்தில் அந்த வீட்டுக்காரர்கள் எழும்புவதும் ஏறக்குறைய அந்த நேரத்துக்குத்தான்.

இப்போது சொல்லுங்கள், எனக்குக் கோபம் வருமா வராதா?

ஹட்டனில் கம்ப்யூட்டர் திருத்துகிற கணேசமூர்த்திக்குப் போன் எடுத்தேன். பொறுமையான பையன். நான் கத்துவதைக் கத்தி முடிக்கவிட்டுத்தான் பேசினான்.

"அக்கா, படம் வந்து வந்து போகுதா? சரி. அணைச்சிட்டுப் போடுங்க. போட்ட ஒடனே மேல் வரிசையில எஃப் எட்டு இருக்குல்ல, அதத் தட்டிக்கிட்டே இருங்க."

தட்டினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் வந்தது. கடைசியாக நல்லபடி வேலை செய்த நிலைக்குத் திரும்பு என்கிற மாதிரி ஒரு வரி அதில் இருந்தது. அதைத் தெரிவு செய்யச் சொன்னான். செய்தேன். பச்சைக் கோடு ஓடியது. இந்தத் தடவை திரை கறுக்கவில்லை. நீலமாகியது.

"வந்துருச்சு தம்பி!" என்று போனில் கத்திவிட்டேன்.

வந்தது உண்மைதான். ஆனால் உள்ளே போகவில்லை. நீலத் திரையின் நடுவில் ஒரு மஞ்சள் வாத்துப் படம், பக்கத்தில் துரைராசா என்று இங்கிலீஷில் ஒரு பெயர், அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு சின்னக் கட்டம். பாஸ்வேர்ட் கேட்டது.

துரைராசா சேர் மஸ்கெலியாப் பாடசாலையில் தமிழ் படிப்பித்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். சோதனைத் தாள் அடிப்பதற்காக இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வைத்திருந்தார். கனடாவுக்குப் போகும்போது எங்களுக்கு விற்றுவிட்டுப் போனார். நாங்கள் பெயரைக்கூட மாற்றவில்லை. ஒவ்வொரு நாளும் போட்டவுடன் அது தானாக உள்ளே போய்விடும். பாஸ்வேர்ட் என்று ஒன்று அதற்குள் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. தானாகத் திறக்கும்படி சேர் செய்து வைத்திருந்த ஏற்பாடு, அப்டேட் பாதியில் அறுந்ததில் கலைந்துபோயிருக்கிறது. கணேசமூர்த்தி அப்படித்தான் சொன்னான்.

"வேற வழியில்லையா தம்பி?"

"ஒண்ணு இருக்கு. திரும்ப எஃப் எட்டப் போட்டு சேஃப் மோட்ல போங்க. அங்க இன்னொரு பேரு வரும். அதுக்கு நெறையப் பேரு பாஸ்வேர்டே போடுறதில்ல."

போனேன். இன்னொரு பெயரும் வந்தது. அதற்கும் சேர் பாஸ்வேர்ட் போட்டிருந்தார். பிள்ளைகள் சோதனைத் தாளைத் திருடிவிடுவார்கள் என்று பயந்திருப்பார். ஒழுங்கான மனுஷர்கள் செய்துவிட்டுப் போகிற வேலையால் மற்றவர்களுக்கு வருகிற கஷ்டத்தை யாரும் எழுதி வைப்பதில்லை.

"அப்படின்னா இங்க கொண்டு வாங்கக்கா. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுத் தாரேன். பின்னேரம் ஆகிரும்."

பின்னேரம்! அதற்குள் நிஷாந்தி குவைத்தில் இரண்டு அறை கூட்டித் துடைத்திருப்பாள். கனடாவுக்குப் போன் எடுக்கலாம் என்றால் சேர் தந்த நம்பர் பழையது, அந்தப் பக்கம் யாரோ ஒரு வெள்ளைக்காரி எடுத்து என்னவோ கேட்டாள். நிஷாந்திக்குச் சொல்வதற்கும் வழியில்லை. அவளிடம் போன் கிடையாது. அங்கே அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால், எங்கள் கடையின் பெயருக்குப் பக்கத்தில் எப்போது பச்சைப் புள்ளி விழும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்போது பார்த்து வாசலில் திரீவீல் வந்து நின்றது. முதலில் தாம்பூலத் தட்டு இறங்கியது. பின்னால் மாயாண்டி, துஷாந்த், காது குத்துகிற ஆசாரி, கடைசியாகத் துஷாந்தின் அக்கா மீனம்மா. மீனம்மாவின் இடுப்பில் ஹர்ஷினி. மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம், கையில் ஒரு பிஸ்கட். மீனம்மா கல்யாணம் கட்டவில்லை. தம்பி பிள்ளையை அவள்தான் வளர்த்தாள். அன்றைக்குத் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல், நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

தட்டை போட்டோக் கொப்பி மெஷின் மேல் வைத்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று தொடங்கினார் மாயாண்டி.

"நீங்க சொன்னது கோயில்ல குத்தணும்னு. கம்ப்யூட்டர் கெடும்னு சொல்லல" என்றேன்.

துஷாந்த் திரையின் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான். அவனுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அவ வெடிய எந்திரிச்சிருப்பாக்கா" என்று மட்டும் சொன்னான்.

ஆசாரிக்கு அடுத்ததாக நல்லதண்ணிப் பக்கம் இன்னொரு காதுகுத்து வீடு இருந்தது. பஸ்ஸை விட்டால் அவர் பாடு திண்டாட்டம். பையிலிருந்து ஊசியை எடுத்துத் துடைப்பதும் உள்ளே வைப்பதுமாக நின்றார். மீனம்மாதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "திறக்கலைன்னா என்ன செய்றது? நேரம் தவறிப் போயிரக் கூடாதில்ல. குத்திருவோம். அவகிட்டப் பொறகு சொல்லிக்குவோம்."

துஷாந்த் திரும்பி அக்காவைப் பார்த்த பார்வையில் மீனம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் கட்டத்தில் எதையெதையோ அடித்துப் பார்த்தேன். சேரின் பெயர், பாடசாலையின் பெயர், சேரின் மனைவி கமலேஸ்வரி டீச்சரின் பெயர், முருகன், பிள்ளையார். எதற்கும் அது மசியவில்லை. தெய்வங்களுக்கே திறக்காத கதவு என்று இவர் பின்னால் நின்று முணுமுணுத்தார். நான் திரும்பிப் பார்த்ததில் இரண்டடி தள்ளிப் போனார்.

கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. கணேசமூர்த்திக்கு மறுபடியும் போன் எடுத்தேன், அதை அமுக்கச் சொன்னான். "சில பேரு மறந்துராம இருக்க ஒரு குறிப்பு எழுதி வப்பாங்கக்கா."

அமுக்கினேன். ஒரு சின்ன மஞ்சள் பெட்டி திறந்தது. அதற்குள் இப்படி இருந்தது:

,q;F moF. Cupy;?

"வைரஸ்" என்றான் துஷாந்த்.

போனில் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டினேன். கமா, கியூ, செமிக்கோலன், பெரிய எஃப் என்று. கணேசமூர்த்தி எழுதிக்கொண்டான் போலிருக்கிறது. பிறகு பெருமூச்சு விட்டான். "இது குப்பைக்கா. அப்டேட் பாதியில நின்னதில எழுத்தெல்லாம் சிதைஞ்சிருக்கு. ஒண்ணும் செய்யேலாது. பஸ்ல போட்டு அனுப்புங்க."

போனை வைத்துவிட்டு அந்தக் குப்பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆத்திரத்தில் கண் கலங்கியது. கலங்கின கண்ணோடு பார்க்கையில் நடுவில் இருந்த மூன்று எழுத்தும் எனக்குப் பழக்கமானவையாகப் பட்டன. எம், ஓ, பெரிய எஃப். அவற்றை வாசித்துப் பழகவில்லை, விரலால் பழகியிருக்கிறேன். கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல், கல்யாணக் கார்ட் எதை அடித்தாலும் கீழே, பதிப்பு: அழகுமுத்து, மஸ்கெலியா என்று போடுவேன். அழகு என்று அடிக்க என் விரல் போகிற மூன்று இடங்கள் அவைதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அப்போது எங்கள் பக்கத்தில் தமிழ் அடிப்பவர்கள் எல்லோரும் பாமினி என்ற எழுத்துருவில்தான் அடிப்போம். கீபோர்டில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ் எழுத்துத்தான். எம்மை அமுக்கினால் அ விழும், ஓவை அமுக்கினால் ழ விழும். பாமினி இல்லாத இடத்தில் அதே வரியைப் பார்த்தால் இங்கிலீஷ் எழுத்து கண்டபடி கொட்டிக் கிடக்கிற மாதிரித் தெரியும். பாஸ்வேர்ட் கேட்கிற நீலத் திரையில் பாமினி ஏது? சேர் தமிழைத் தவிர வேறொன்றும் அந்தக் கீபோர்டில் அடித்திருக்க மாட்டார். குறிப்பையும் தமிழாகவே அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

கையை மேசையில் வைத்து, அந்த வரியை விரலால் அடிக்கிற மாதிரித் தட்டித் தட்டி வாசித்தேன். கமா என்றால் இ. பிறகு ங். பிறகு கு.

"இங்கு அழகு. ஊரில்?" என்றேன் சத்தமாக.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இங்கு அழகு, ஊரில் என்னன்னு கேட்டிருக்காரு" என்றேன். "இங்க அழகுன்னா நம்ம எடம். ஊருன்னா யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்துல எது இருக்கு? கோயிலா, கடலா, பனங்காயா?"

மாயாண்டி நல்லூர் என்றார். அடித்தேன், இல்லை. துஷாந்த் கடல் என்றான். அதுவும் இல்லை. அந்த நேரத்தில் அழகுமுத்து, தள்ளி நின்றவர், தலையைச் சொறிந்துகொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"பூரணி, திட்டாத. இந்த கம்ப்யூட்டர வாங்குன அன்னைக்கு அந்த மனுசன் என் பேரக் கேட்டுட்டுச் சிரிச்சாரு. ஞாபகம் இருக்கா?"

"எனக்கு ஏன் ஞாபகம் இருக்கணும்?"

"'உங்கட பேர எங்கட ஊரில வச்சிருந்தா வடிவுமுத்து எண்டெல்லோ வச்சிருப்பினம்'னாரு. அவங்க ஊர்ல அழகுன்னு சொல்ல மாட்டாங்களாம். வடிவும்பாங்களாம். கிளாஸ்ல 'வடிவா எழுதுங்கோ'ன்னு சொன்னா நம்ம புள்ளைங்க சிரிக்குதுகளாம். அதுக்காக அழகுன்னு சொல்லப் பழகிக்கிட்டேன்னாரு."

இங்கு அழகு. ஊரில் வடிவு! நான் இந்த மனுஷரைக் கட்டிப் பிடித்திருப்பேன், ஆசாரி நின்றதால் விட்டேன். உடனே இங்கிலீஷில் வடிவு என்று அடித்தேன். திறக்கவில்லை. கடைசியில் இரண்டு ஓ போட்டு அடித்தேன், முதல் எழுத்தைப் பெரிதாக்கி அடித்தேன். திறக்கவில்லை.

"மணி பத்தைத் தாண்டிருச்சு" என்றார் ஆசாரி.

நான்தான் மடச்சி. குறிப்பையே பாமினியில் அடித்த மனுஷர் பாஸ்வேர்டை மட்டும் இங்கிலீஷில் யோசித்திருப்பாரா? கண்ணை மூடிக்கொண்டு, நோட்டீஸ் அடிக்கிற மாதிரி விரலைப் போகவிட்டேன். வ ஒரு தட்டு. டி ஒரு தட்டு. வு, ஷிஃப்டை அமுக்கி ஒரு தட்டு. கட்டத்தில் மூன்றே மூன்று கறுப்புப் புள்ளி விழுந்தது. என்டரை அமுக்கினேன்.

வாத்து மேலே போனது. வரவேற்கிறோம் என்று எழுத்து வந்தது. பிறகு எங்கள் பழைய திரை, அதே பச்சைப் புல்வெளி, அதே நோட்டீஸ் கோப்புகள். கடைக்குள் பிள்ளையைத் தவிர எல்லோரும் சத்தம் போட்டார்கள். மாயாண்டிகூடப் போட்டார்.

இன்டர்நெட்டில் பேசுகிற பெட்டி தானாகத் திறந்தது. திறந்ததும் நிஷாந்தி காலையிலிருந்து அனுப்பியதெல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து விழுந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். பூரணி அக்கா. இருக்கீங்களா. அக்கா. கரண்டு இல்லியா. குத்தியாச்சா. அக்கா நான் பாக்கலயே. அதை வாசிக்கும்போது துஷாந்த் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கேமரா வேலை செய்தது. நிஷாந்தியின் முகம் விட்டு விட்டு வந்தது. மெலிந்திருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். வாய் அசைகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. ஸ்பீக்கரை அசைத்துப் பார்த்தேன், வயரைக் கழற்றிப் போட்டேன், ஒன்றுமில்லை. சத்தத்துக்கு உரிய எதுவோ அந்த அப்டேட்டில் போய்விட்டது. அதைத் திருத்த நேரமில்லை. சத்தம் வரல, எழுதுங்க என்று அடித்தேன். சரி என்று தலையாட்டினாள்.

கேமராவைத் திருப்பி வைத்தேன். மாயாண்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். மீனம்மா பிள்ளையை அவருடைய மடியில் வைத்துவிட்டு, கேமராவில் விழாத இடமாகப் பார்த்து, போட்டோக் கொப்பி மெஷின் பக்கம் ஒதுங்கி நின்றாள். சந்தனத் தலையைப் பார்த்ததும் நிஷாந்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரையைத் தொட்டாள். ஹர்ஷினிக்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறவளைப் பார்க்க ஆர்வமில்லை. பிஸ்கட்டிலேயே கண்ணாக இருந்தாள்.

ஆசாரி காதில் மையால் ஒரு பொட்டு வைத்தார். அளவு சரியா என்று துஷாந்தைக் கேட்டார். துஷாந்த் திரையைக் காட்டினான். நிஷாந்தி முன்னால் குனிந்து உற்றுப் பார்த்து, கொஞ்சம் கீழே என்று எழுதினாள். ஆசாரி அதை அழித்துவிட்டுக் கீழே வைத்தார். எனக்கு அப்போது மனசு நிறைந்துவிட்டது. இதற்குத்தானே இவ்வளவு பாடு.

ஊசியை எடுத்ததும் நிஷாந்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள்! முதல் காது குத்தியபோது ஹர்ஷினி திடுக்கிட்டாள், அழவில்லை. இரண்டாவது காதுக்குத்தான் வீறிட்டாள். பிஸ்கட் விழுந்தது. மாயாண்டியின் மடியில் துள்ளி, வில்லாக வளைந்து, இரண்டு கையையும் போட்டோக் கொப்பி மெஷின் பக்கம் நீட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று கத்தினாள்.

மீனம்மா அசையவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது போய்த் தூக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். பிள்ளைக்கு அது விளங்குமா? அது இன்னும் எட்டிக் கத்தியது.

திரையில் நிஷாந்தியின் கைகள் இறங்கியிருந்தன. குத்தியாச்சா என்று எழுதினாள். ரெண்டும் ஆச்சு, தோடும் போட்டாச்சு என்று எழுதினேன். பிறகு வந்தது. அழுறாளே. சத்தம் கேக்கல. யாரக் கூப்பிட்டு அழுறா?

திரையில் இருந்ததை வாய்விட்டு வாசித்தேன். துஷாந்த் அக்காவைப் பார்த்தான். மாயாண்டி பிள்ளையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே தரையைப் பார்த்தார். என்ன எழுதுவது?

மீனம்மாதான் பேசினாள். "அம்மான்னுதான் கத்துறானு போடுங்கக்கா. பொய்யில்லையே."

பொய்யில்லைதான். அப்படியே அடித்தேன். அடிக்கும்போது மீனம்மாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நிஷாந்தி அதை வாசித்தாள். வாசித்துவிட்டு நிமிர்ந்து பிள்ளையையே பார்த்தாள். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். அவளுக்குப் பின்னால் அந்த வீட்டில் யாரோ விளக்கைப் போட்டார்கள். ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமாக ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினாள். எழுத்து ஒவ்வொன்றாக யோசித்து வந்தது போல நேரம் எடுத்தது.

கைய நீட்டுறா அக்கா. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மீனம்மா அண்ணிகிட்டக் குடுக்கச் சொல்லுங்க.

சத்தமாக வாசித்தேன். மாயாண்டி எழுந்தார். மீனம்மா கேமராவுக்கு முன்னால் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.